இடப்பக்கம் சாய்ந்த மின்வில்

இந்த நாட்டார் காற்றுக்குப் பயப்படுகிறார்கள். புயலுக்கல்ல, கதவிடுக்கில் நுழைகிற நூல் காற்றுக்கு. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, நீளத் துணிப்பையில் மரத்தூள் அடைத்து ஒவ்வொரு கதவடியிலும் போட்டு வைத்திருக்கிறாள். தலைவலியா? காற்று. பால் திரிந்ததா? அதுவும் காற்றுதான். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பயம் சென்ற மாதம் என் படிப்பிலேயே கை வைத்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் இங்கிலாந்துக்கு வந்தது மின்வில்லைப் படிக்க. நாலடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே, வெறுங்காற்றில், நெருப்பு பாலம் கட்டி நிற்கும். சூட்டில் மேலே வளையும், நெளியும், நீண்டு நீண்டு அறுந்துபோகும். மின்சாரக் கம்பிகளில் இடி விழும்போது கிளம்பும் வில் எவ்வளவு தூரம் ஆடும் என்று தெரிந்தால்தான், கம்பிகளை எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று சொல்ல முடியும். அதைப் படம் பிடித்து அளப்பது என் வேலை. கறுப்புக் கண்ணாடி வழியாக முதன்முதலில் பார்த்த அன்று "எப்பா!" என்று கத்திவிட்டேன். இன்றும் அலுக்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், நேரே மேலெழ வேண்டிய வில் என் படங்களில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. "காற்று" என்றார் பேராசிரியர். ஆய்வுக்கூடத்துச் சன்னல் இடுக்குகளைக் கம்பளித் துணியால் அடைத்தோம். வில் மசியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நிமிராவிட்டால் கருவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகவும், நான் ஊருக்குக் கப்பல் ஏறலாம் என்றும் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

மாலையில் என் மனைவி நேசத்திடம் சொன்னேன். இந்தக் குளிரைக் கண்டாலே ஆகாது அவளுக்கு.

"அப்பம் ஊருக்குப் போலாம்லா!" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து. என்னைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன், மொகத்தத் தூக்காதீங்க. காத்து இருக்குண்ணு ஆரு கண்டா? பதரு விட்டுப் பாத்தாச்சா?"

அவள் அப்பாவுக்குத் தேரூர்ப் பக்கம் வயல். மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து நெல் தூற்றுவதற்கு முன்னால், சுளகில் ஒரு பிடி பதரை உயர்த்தி விட்டுப் பார்ப்பார்கள். பதர் போகிற பக்கம் காற்று. கல்யாணமான புதிதில், நான் பெரிய படிப்பாளி என்று காட்ட விரலை நனைத்துக் காற்றுப் பார்த்ததற்கு, களமே என்னைக் கேலி பண்ணியது. அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

மறுநாள் நிலக்கரி வண்டிக்காரனின் லாயத்துக்குப் போய் ஓட்ஸ் உமி கேட்டோம். குதிரைக்கு என்ன வயது என்று அக்கறையாய் விசாரித்தான். குதிரை இல்லை என்றதும் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, பரிதாபப்பட்டு, ஒரு பை நிறையக் கொடுத்தான்.

ஆய்வுக்கூடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சேலைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு நேசம் ஏணியில் ஏறினாள். மின்வேலைக்காரர் ஹாரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். உமி நேரே கீழே விழுந்து குவிந்தது. நம்பாமல் பேராசிரியரே ஏறி ஒரு பிடி விட்டார். அதுவும் நேரேதான்.

"காத்தே இல்ல. இந்தக் களத்துல தூத்துனா விடிஞ்சிரும்" என்றாள் நேசம்.

என்ன சொல்கிறார் என்று கேட்டார் பேராசிரியர். "அறை நன்றாயிருக்கிறதாம்" என்றேன். அவர் தலை குனிந்து அவளுக்கு நன்றி சொன்னார்.

காற்றில்லை என்றால் வேறென்ன தள்ளுகிறது? அப்போதுதான் வலப்பக்கச் சுவரோரம் கிடந்த தடித்த கம்பி கண்ணில் பட்டது. வில் வழியாகப் போன மின்சாரம் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. எதிரெதிரே ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும்; பள்ளிப் பாடம்! கம்பியை இடப்பக்கம் இழுத்துப் போட்டு மின்சாரம் கொடுத்தோம். வில் வலப்பக்கம் சாய்ந்தது.

"ஏலே, சாஞ்சிட்டுலே!" என்று பேராசிரியரைப் பார்த்தே கத்திவிட்டேன். நேசம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரோ ஏதோ விஞ்ஞானச் சொல் என்று நினைத்துத் தலையாட்டினார். கம்பியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் சமதூரத்தில் போட்டதும், வில் நிமிர்ந்து நேரே மேலே எழுந்தது. திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்துவிடும்படி பேராசிரியர் சொன்னார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது நேசம் கேட்டாள்: "அந்தத் தீ எந்தக் கம்பியில இருந்து பொறப்படுது?"

"ரெண்டுலயும்தான், மாறி மாறி. ஒரு நொடியில அம்பது தடவ அங்கயும் இங்கயும் போய்ட்டு வரும்."

"அப்பம் நாம தேவல" என்றாள். "சோத்து நேரத்துக்கு மட்டுந்தான் மனசால ஊருக்குப் போய்ட்டு வாறோம்."