மானகிரி டீச்சரின் முழங்கால் திருகாணி

கடையில் கிடைக்கிற திருகாணிக்கு யாரும் என்னிடம் வருவதில்லை. பத்துக் கடை ஏறி, பத்துப் பேரும் கையை விரித்த பிறகு, அந்த எரிச்சலை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு கோட்டையூரில் என் வீட்டுக் கொல்லைக்கு வருவார்கள். அங்கே தகரக் கூரைக்கு அடியில் ஒரு லேத் வைத்திருக்கிறேன். திருகாணியைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு மரை என்று பெயர். பழைய சாமான்களின் மரை இப்போது வருகிற எதிலும் இருக்காது. அதைக் கடைந்து கொடுப்பது என் வேலை.

ரிப்பேர் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். போன ஆவணியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டோவை விட்டு இறங்காதவர்

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ நின்றது. சூசை இறங்கி வந்தார். கையில் துண்டு சுற்றிய பொட்டலம். உள்ளே ஒரு காலிப்பர். போலியோ வந்த காலுக்கு மாட்டுவது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முழங்காலில் மடங்குகிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு திருகாணி. எழுந்து நின்றால் அங்கே பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கத் திருகாணி ஒடிந்து பாதி உள்ளேயே நின்றது. சூசையின் தங்கை பிலோமின் டீச்சருடையது. எந்தக் காலத்திலோ மிஷன் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுப் பட்டை வைத்துச் செய்தது. இலவச முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் காலிப்பரைப் போட்டு இரண்டு முறை விழுந்துவிட்டாராம்.

“பத்து நாள் ஆகும்” என்றேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வேன். சூசை தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஆட்டோவுக்குள் இருந்து டீச்சர் என்னைக் கூப்பிட்டார். போனேன். காலிப்பர் இல்லாமல் அவர் இறங்க முடியாது. மகளுக்குத் திங்கட்கிழமை காலை மானகிரி சர்ச்சில் கல்யாணம். வீட்டுக்காரர் இறந்து வருஷம் ஆகிவிட்டது. மகளைப் பீடம் வரைக்கும் இவர்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

“எங்கண்ணன் அதுக்குள்ள தள்ளுவண்டி பேசி வச்சுட்டாக. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீக குடுக்கலேன்னா, அய்யா, எம்மக கல்யாணத்துக்கு நான் சரக்கு மாதிரி போயி எறங்குவேன்.”

போட்டோவில் மரை

ஒடிந்த துண்டை வெளியே எடுத்து அளந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. காரைக்குடியில் இருந்து யாரோ. பழைய சுவர்க் கடிகாரத்தின் திருகாணி தொலைந்துவிட்டதாம். கடிகாரத்தைக் கொண்டு வரச் சொன்னேன். அது கனமாம். அதனால் ஓட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாராம்.

பார்த்தேன். கறுப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். எலி வளையின் போட்டோவைக் காட்டி எலிக்கு எத்தனை பல் என்று கேட்டால் எப்படியோ, அப்படி. போட்டோவில் மரை தெரியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரெண்டு விரலை வச்சு பெருசாக்கிப் பாருங்கண்ணே, எல்லாம் தெரியும்.”

பத்து நிமிஷ வேலை

ஒடிந்த துண்டு ஆறு மில்லி. மரைக்கு மரை ஒரு மில்லி. இதுவா பெரிய விஷயம், கடையில் விற்கிற அளவுதானே என்று நினைத்தேன். கெட்டி எஃகில் பத்து நிமிஷத்தில் கடைந்து மாட்டினேன். அழகாக ஏறியது. வைஸில் பிடித்து நூறு தடவை மடக்கி நீட்டினேன். திருகாணி அரைச் சுற்று வெளியே வந்திருந்தது. இறுக்கினேன். இன்னொரு நூறு. மறுபடி அரைச் சுற்று. டீச்சர் வீட்டில் இருந்து பீடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கழன்றுவிடும்.

சனிக்கிழமை விடியும் வரை மண்டையைக் குடைந்தது. காலையில் டீச்சருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “இதுல யாரு கைய வச்சது?” அப்போதுதான் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள் கடையில் திருகாணி மாற்றினார்களாம். தப்பான திருகாணிக்கு நான் அச்சு அசலாக ஒரு நகல் செய்து வைத்திருக்கிறேன். நாற்பது வருஷ அனுபவம்!

“வெளிப்பக்கம் மட்டுந்தான்யா மாத்துனது. உள்பக்கத்த இன்னிக்கி வரைக்கும் ஒருத்தரும் தொட்டதில்ல. நீக ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே.”

கல்லலில் ஒரு கதவு

உள்பக்கத் திருகாணியைக் கழற்றினேன். அதே ஆறு மில்லி, அதே ஒரு மில்லி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பள்ளத்தின் சரிவு வேறு. இப்போதைய திருகாணிக்கு அறுபது டிகிரி. இது நாற்பத்தேழரை. வெள்ளைக்காரன் மின்சாரச் சாமான்களுக்குப் போட்ட மரை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். ஆனால் விளிம்பில்தான் தொடும். ஆட ஆடக் கழன்றுவிடும். நல்லவேளை, பட்டையின் எஃகு கெட்டி. ஓட்டையின் வாயில் மட்டும் பிசிறு. அதைச் சுத்தம் செய்ய அதே மரையில் ஒரு டேப், அதாவது ஓட்டைக்குள் மரை வெட்டுகிற பல் வைத்த எஃகுக் குச்சி, வேண்டும். என்னிடம் இல்லை.

கல்லலில் பாண்டி இருக்கிறான். ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய சிக்னல் பெட்டிகளில் இதே மரைதான். காரைக்குடி போய் பஸ் மாறிப் போனேன். டேப்பா என்று நெற்றியைச் சொறிந்தான். மோர் குடி என்றான். உட்காரு என்றான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான். குளியலறைக் கதவின் கொண்டியில் தாழ்ப்பாளுக்குப் பதிலாக அந்த டேப் சொருகியிருந்தது. பல் ஒன்றும் போகவில்லை. பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். தெரு முனை வரைக்கும் அவன் குரல் துரத்தியது.

“ஏலேய், நாளான்னைக்கே கொண்டாந்துரு! எம்பொண்டாட்டி உள்ள இருந்து பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கணும்!”

துரு வேண்டும்

ஞாயிறு காலை. பள்ளத்தின் சரிவுக்குத் தகுந்தாற்போல் வெட்டும் உளியைத் தீட்டினேன். அளவு பார்க்கக் கருவி கிடையாது. பழைய திருகாணியையே பக்கத்தில் வைத்து, வெளிச்சம் ஊடே தெரியாத வரைக்கும் தீட்ட வேண்டும். முதல் திருகாணி பாழ். என் அவசரம். இரண்டாவது நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்போது பின்னால் “சார்” என்று ஒரு குரல். திடுக்கிட்டேன். உளி இழுத்துவிட்டது. அதுவும் பாழ்.

வந்தவர் ஒரு ஹோட்டல் மேனேஜர். செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அதன் கதவுப் பூட்டுக்கு அங்குல மரையில் பன்னிரண்டு திருகாணி செய்து ஏற்கெனவே கொடுத்திருந்தேன். அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஏறவில்லையா என்றேன். ஏறியதாம். இறுகியதாம். பிறகென்ன? முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் மூன்று நாள் போட்டு வையும் என்று சொல்லி அனுப்பினேன்.

“பளபளன்னு இருக்கு சார். புதுசா இருந்தா கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்றாங்க.”

தள்ளுவண்டி

ஓட்டையின் பிசிறைப் பாண்டியின் டேப்பால் எடுத்துவிட்டு மூன்றாவதை மாட்டினேன். நின்றது. ஐந்நூறு தடவை மடக்கினேன். அசையவில்லை. காலிப்பரை மொபெட்டில் கட்டிக்கொண்டு மானகிரி போனபோது மணி நாலு. பந்தல் போட்டிருந்தார்கள். சூசை பேசி வைத்த தள்ளுவண்டியில் விருந்துக்கு வந்த வாண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிச் சவாரி விட்டுக்கொண்டிருந்தன.

டீச்சர் வாரைக் கட்டினார். மகள் தோளைக் கொடுக்க வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுந்தார். முழங்காலில் ‘டக்’. பந்தலைத் தாண்டிக் கிணறு வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். வீடே வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. போதும் டீச்சர் என்றேன். காதில் வாங்கவில்லை. மூன்றாம் தடவை வந்து என் எதிரில் நின்றார். நன்றி கின்றி என்று ஆரம்பித்தால் கிளம்பிவிடலாம் என்று மொபெட் சாவியைக் கையில் எடுத்தேன். அவர் என்னைத் தலையில் இருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். கணக்கு டீச்சர் பார்வை.

“அய்யா, இதே மாதிரி இன்னும் நாலு செஞ்சு குடுத்துருங்க. எனக்கு முந்தி நீக போயிட்டீகன்னா, நான் யாருகிட்டப் போயி நிக்கிறது?”

ஆக, கிடைக்காத திருகாணி செய்கிறவனுக்கு வாடிக்கையாளர் கொடுக்கிற பெரிய பாராட்டு, அவன் சாவதற்குள் செய்துகொள்கிற முன்னேற்பாடுதான்.