தலைமன்னாரில் விழாத முத்திரை

இந்த ஊரில் தேநீரில் சீனி போட்டுத் தரமாட்டார்கள். ஒரு கரண்டிச் சீனியை நம் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தைத் தனியாகக் கொடுப்பார்கள். கொஞ்சம் நக்கிக்கொண்டு ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். கண்டிக்கு வந்த புதிதில், கையில் எதையோ வெள்ளையாக வைக்கிறார்களே, விபூதியாக்கும் என்று நெற்றிக்குக் கொண்டுபோன ஆள் நான். நான் வேலை பார்க்கும் மளிகைக் கடை முதலாளி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது கை தானாகவே நீள்கிறது. உடம்பு இந்த நாட்டுக்குப் பழகிவிட்டது. என் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் மட்டும் நான் இங்கே இல்லவே இல்லை.

முதன்முதல் கப்பல் ஏறியபோது நான் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜை. பாஸ்போர்ட் என்ற சொல்லே எங்கள் பக்கம் புழங்காத காலம். மண்டபம் கேம்பில் சில நாள் நிறுத்திவைத்து, ஊசி குத்தி அனுப்பிவிட்டார்கள். பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, இலங்கை தனி நாடானது, நடுவில் கிடந்த அந்தக் கொஞ்சக் கடலுக்கு இரண்டு கரையிலும் மேசை போட்டு ஆபீசர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். போகும்போது ஒரு முத்திரை, வரும்போது ஒரு முத்திரை. இங்கே தங்கி வேலை பார்க்கத் தனியாக ஒரு பர்மிட், அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நான் கடைசியாக ஊருக்குப் போனது என் தங்கை செல்லம்மாவின் மகளுக்கு முடியிறக்கத்தான். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு ஒரே மகள், பெயர் மீனாட்சி. திருவரங்குளம் கோயிலில் குழந்தை என் மடியில் உட்கார்ந்து, பாதி மொட்டை ஆவதற்குள் என் புது வேட்டியை நனைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கோ பட்டம் கட்டிய மாதிரி இருந்தது. காது குத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்றார் மைத்துனர். செல்லம்மா கேட்கவில்லை. “அதுக்குன்னு தனியா ஒரு தடவ எங்கண்ணன் வரட்டுமே. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுட்டா அண்ணன் எதுக்கு வரப்போகுது?” என்றாள்.

திரும்பும்போது கப்பலில் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். எங்கள் சீமைக்காரர்கள் ஆபீசர் மேசைக்குத் தனியாகப் போகமாட்டார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவனைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். “தம்பி, நீங்க முன்ன போங்க. நாங்க இங்கிட்டு நிக்கிறோம்” என்றார் ஒரு பெரியவர். எனக்கும் என் இங்கிலீஷைக் காட்ட ஆசைதான். இலங்கைக் கரையில், தலைமன்னாரில் மேசை ஓரமாக நின்று ஒவ்வொருவருக்கும் ஃபாரம் நிரப்பினேன், ஆபீசர் கேட்டதைத் தமிழிலும் இவர்கள் சொன்னதை இங்கிலீஷிலும் சொன்னேன். அவர் என்னைக் கப்பல் கம்பெனி கிளார்க் என்றே நினைத்துக்கொண்டார். கடைசி ஆளுக்கு முத்திரை குத்தியதும் “தேங்க்யூ” என்று எனக்குச் சொல்லிவிட்டு மேசையைப் பூட்டினார். ரயில் ஊதிவிட்டது. நானும் பெரிய மனிதன் போலத் தலையசைத்துவிட்டு ஓடி ஏறினேன். அத்தனை பேரையும் நாட்டுக்குள் சேர்த்தவனின் பாஸ்போர்ட் சட்டைப் பையிலேயே இருந்தது.

பர்மிட் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சிங்களக் குமாஸ்தா ஒருவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, எப்போது வந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். காலை ரயிலில் வந்தேன் என்றேன். அதில்லை, இலங்கைக்கு எப்போது வந்தீர்கள் என்றார். சொன்னேன். “நீங்கள் போனது இதில் இருக்கிறது. வந்தது இல்லை. இதன்படி நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள்” என்றார். இதோ உங்கள் முன்னால்தானே நிற்கிறேன் என்றேன். அவர் கெட்டவரில்லை, நிற்கிறேன் என்றதும் அவசரமாக நாற்காலியைக் காட்டினார். விசாரணை முடிகிறவரை வேலை பார்க்கலாம், ஆனால் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அந்த விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை.

என் சம்பளத்தில்தான் ஊரில் அம்மாவின் உலை கொதிக்கிறது. போனால் வர முடியாது, வராவிட்டால் உலை கிடையாது. அதனால் காது குத்துத் தள்ளிக்கொண்டே போனது. போன மாதம் பக்கத்துக் கடையில் தராசில் நிறுவை பார்க்கும் மாணிக்கம் அண்ணன் ஊருக்குப் போய்த் திரும்பியவர், மூட்டையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்தார். அவர் திருவரங்குளத்துக்காரர்.

“ஒந் தங்கச்சி ஒரே புடியா நிக்கிதுப்பா. எங்கண்ணன் மடி இல்லாம ஊசிய எடுக்கப்படாதுங்குது. மாமியா வீட்டுல மொகங்கொடுத்துப் பேசுறதில்ல. புள்ள பள்ளிக்கூடம் போகுது, மூளிக்காதுன்னு மத்த புள்ளைக கேலி பண்ணுதுக. அழுதுக்கிட்டு வருது. நீ போறதுன்னா போ. இல்லையா, ஒரு வார்த்த எழுதிப் போடு.”

என் சித்தப்பா மகன் கருப்பையா மடியில் வைத்துக் குத்திவிடு என்று செல்லம்மாவுக்கு அன்றைக்கே எழுதினேன். அதை எழுதுவதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. தாய்மாமனாக மடி கொடுக்க எனக்கு இருந்ததே அந்த ஒரு பிள்ளைதான். மைத்துனர் கையெழுத்தில் பதில் வந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் செல்லம்மா சொல்லச் சொல்ல எழுதியது: “புதன்கெழம காலம்பற கோயில்ல வச்சு. அந்நேரம் நீயும் நெனச்சுக்க, அண்ணே.”

நேற்றுத்தான் அந்தப் புதன்கிழமை. முதலாளி வெளியே போயிருந்தார். தெருவில் மழை. பருப்பு மூட்டைகளுக்கு நடுவே சாக்கை விரித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சர்க்கார் கணக்குப்படி நான் அந்நேரம் திருவரங்குளத்தில்தான் இருந்திருப்பேன், யாரும் மறுக்க முடியாது. கருவாடு வாங்க வந்த சிங்களப் பெண் எட்டிப் பார்த்து, “மாத்தயா, அசனீபத?” என்றாள். ஐயா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறாள். அவளுக்கு என்னவென்று சொல்ல? ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பாவம், குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். ஒரு காது முடிந்திருக்கும், பிள்ளை வீறிட்டிருப்பாள். இன்னொரு காதும் ஆகட்டும் என்று நான் மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.