லின்ஸில் ஏற வேண்டிய புஷ்பத்துக்கு வியன்னாவிலிருந்து டிக்கெட்

தண்டவாளமே இல்லாத ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இடுக்கிக்காரர் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். ஆனாலும் மறையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில், ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பல வருஷமாக ஊரை ரயிலேற்றி விட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பு எட்டாங்கிளாஸ். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எந்தக் கட்டத்தில் எதைத் தட்ட வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

உள்ளூர் ரயிலுக்கு எத்தனையோ டிக்கெட் போட்டிருக்கிறேன். வெளிநாட்டு ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான். அதுவே போதும் போதும் என்று ஆகிவிட்டது.

காது

மரியபுஷ்பம் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவள். என் வயசுக்காரி, என்னை மதினி என்று கூப்பிடுவாள். மகள்கள் இரண்டு பேரும் நர்ஸ். மூத்தவள் ஜெசி ஆஸ்திரியாவில், லின்ஸ் என்ற ஊரில். இளையவள் லிசி ஜெர்மனியில், ஹாம்பர்க்கில். லிசிக்குத் தலைப்பிரசவம், அதுவும் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அவள் வீட்டுக்காரன் கப்பல் வேலை, அந்த நேரத்துக்கு நடுக்கடலில் இருப்பான். பிள்ளை பெறப்போகிறவள் பக்கத்தில் நிற்க அம்மாவை விட்டால் ஆள் கிடையாது. கொச்சியிலிருந்து போய் ஜெசி வீட்டில் ஒரு மாசம் இருந்துவிட்டு, ஆபரேஷனுக்கு லிசியிடம் போவதாக ஏற்பாடு.

லின்ஸிலிருந்து ஹாம்பர்க்குக்குப் பிளேன் போடச் சொல்லி ஜெசி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். புஷ்பம் என் எதிரே உட்கார்ந்து முடியாது என்றுவிட்டாள். முந்தின தடவை போய் வந்தபோது காது அடைத்து, ஒன்றரை மாசம் கோயில் பூசைகூடக் கேட்கவில்லையாம். "அப்போ கொச்சியிலிருந்து எப்படிப் போவே?" என்று கேட்டேன். "அதுக்கு வேற வழியில்ல மதினி, அந்த ஒண்ணைப் பொறுத்துக்கிடுவேன். அங்கிட்டுப் போனதுக்கப்புறம் கீழே தரை இருக்குல்ல? தரை இருக்கிற எடத்துல என்னத்துக்குப் பறக்கணும்?"

லேகியம்

புஷ்பத்தின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் கொஞ்சம் கணக்குப் பார்க்கிற மனுஷர். பிளேனில் ஒன்றரை மணி நேரம், ரயிலில் ராத்திரி ஏறினால் மறுநாள் காலை. இதைக் கேட்டதும் பிளேன் பக்கம் சாய்ந்தார். அந்தச் சின்னப் பிளேனில் கையில் எட்டு கிலோதான் கொண்டுபோகலாம் என்று நான் படித்துச் சொன்னேன். புஷ்பம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பிரசவ லேகியம் இரண்டு டப்பா, மறையூர் சர்க்கரை என்கிற வெல்ல உருண்டை, பூண்டு, குழந்தையைத் துடைக்கப் பழைய சேலை கிழித்த துணி. எட்டு கிலோ லேகியத்துக்கும் சர்க்கரைக்குமே சரியாகப் போய்விட்டது.

ரயிலில் நிறுத்துப் பார்ப்பார்களா என்று அண்ணன் கேட்டார். தூக்க முடிந்ததைக் கொண்டுபோகலாம் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணன் அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டார். "பிளேன்ல போனா லேகியத்துக்குத் தனி டிக்கெட் கேப்பான். ரயில்ல போனா அது பாட்டுக்கு அவ காலடியில படுத்துக்கிடும். ரயிலே போடு தங்கச்சி."

ஆறு அயிட்டம்

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். பெண்கள் மட்டும் படுக்கிற அறை அந்த ரயிலில் உண்டு. லின்ஸிலிருந்து ஹாம்பர்க் என்று போட்டால் அதில் இடம் இல்லை என்று வந்தது. ரயில் கிளம்புவது வியன்னாவில். வியன்னாவிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கீழ் பெர்த், என்னைப் பார்த்துச் சிரித்தது.

நம் ஊரில் இந்த வித்தை தெரியாத டிக்கெட்காரர் உண்டா? ஆலுவாவிலிருந்து சென்னைக்கு இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்து போடுவோம். அங்கே கோட்டா ஜாஸ்தி. போட்டுவிட்டு, ஏறும் இடத்தை ஆலுவா என்று மாற்றிவிட்டால் பெர்த் நமக்காகக் காலியாக வந்து சேரும். எல்லா ரயிலும் ரயில்தானே என்று வியன்னாவிலிருந்து தட்டிவிட்டேன். ஏறும் இடத்தை மாற்றுகிற கட்டம் மட்டும் கண்ணில் படவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதற்குள் காலை டிபனுக்கு ஆறு அயிட்டம் தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரை நின்றது. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று ஒரு நீளப் பட்டியல். புஷ்பம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு சாயா போடு. மிச்சம் அஞ்சையும் சாயாவாவே போட்ரு."

ஜெசியின் போன்

புஷ்பம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, ஜெசி வீட்டில் ஒரு மாசமும் ஓடிவிட்டது. ரயில் ஏறுகிற அன்று மத்தியானம், நான் சோற்றில் கை வைத்த நேரம், ஜெசி கூப்பிட்டாள். மறுநாள் மத்தியானம் லிசிக்கு ஆபரேஷன்.

"செல்லம் அத்தை, டிக்கெட்டுல வியன்னான்னுல்ல போட்டிருக்கு?"

"அது கோட்டாவுக்காகப் போட்டதுடி. ஏறுற எடத்த மாத்திக்கிடலாம்."

"இங்க அப்படி மாத்துற வழக்கமே இல்ல அத்தை. இப்பத்தான் கேட்டேன். ஆள் ஏறலேன்னா பெர்த்தை வேற ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுத்துருவாகளாம்."

பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஜெசி இனிமேல்தான் டூட்டிக்குப் போக வேண்டும், ராத்திரி எட்டு மணி வரை; லீவு கிடைக்கவில்லை. வியன்னா அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். மொழி தெரியாத அம்மாவை இரண்டு மூட்டையோடு தனியாக அனுப்பி அங்கே போய் ஏறச் சொல்லவும் வழியில்லை. போனுக்குப் பின்னால் புஷ்பத்தின் குரல் கேட்டது. காதுக்காக ஒரு மாசம் முன்னால் என்னிடம் மல்லுக்கட்டியவள். "மதினிகிட்டச் சொல்லு, காது போனாப் போகுது, பிளேனே போடட்டும். எம்பிள்ள தனியா உள்ள போகக்கூடாது."

சொல்லி விடுவது

பிளேனையும் தேடினேன். நேராகப் போகிறது தினமும் கிடையாது; அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் இருந்தது, வேறு ஊர் போய் மாறி ஹாம்பர்க் சேர்வதற்குள் லிசியை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். ஆக, அந்த ரயிலை விட்டால் கதி இல்லை. கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் ஆகாது என்று ஆனபிறகுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் புத்தி போனது. மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போகிற பஸ்ஸில் மறையூர் ஆளுக்கு இடம் வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? மூணாறில் தெரிந்தவர் யாரையாவது விட்டுக் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்.

"வியன்னாவுல உனக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் உண்டாடி?" என்றேன். கூடப் படித்த கோட்டயத்துக்காரி ஷீபா இருக்கிறாள் என்றாள். வண்டி கிளம்பும் முன்னால் அவளை ஸ்டேஷனுக்குப் போய்க் கண்டக்டரிடம் சொல்லச் சொன்னேன். ஜெசி அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில் கேட்டாள்: "இது யூரோப்பு அத்தை. மூணாறு பஸ்ஸுன்னு நினைச்சியளா?"

தோர்த்து

அன்றைக்குச் சாயங்காலமே மறையூரில் கரண்ட் போய், கூடவே டவரும் போய்விட்டது. நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள். காலையில் எட்டு மணிக்கு டவர் வந்ததும், முந்தின ராத்திரியே புஷ்பம் அனுப்பிய குரல் வந்து விழுந்தது. வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியிருந்தாள்.

ஷீபா கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த ஆட்டலை அவள் நம்பவில்லை. பெட்டிக்குள் ஏறி, அந்தக் கீழ் பெர்த்தில் கோட்டயத்திலிருந்து கொண்டுபோன தோர்த்து ஒன்றை விரித்துவிட்டு இறங்கிவிட்டாள். தோர்த்து தெரியுமல்லவா, நம்ம ஈரிழைத் துண்டுதான். லின்ஸில் வண்டி நின்றபோது ஜெசி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு விவரம் சொல்ல, கண்டக்டர் மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுச் சிரித்தாராம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜெசிக்கு அவர் பாஷை தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னதை அம்மாவுக்கு அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறாள்: "எங்க ஜனங்களும் கடற்கரைக்குப் போனா, விடியக்காலம் எழுந்து நாற்காலி மேல துண்டு போட்டு வெச்சுட்டுத்தான் சாப்பிடப் போவாங்க. துண்டு கிடந்தா அது ஆள் உட்கார்ந்த மாதிரி. நான் யாரையும் படுக்க விடலம்மா."

பேத்தி

ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். இருந்தாலும் லிசியோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் ஸ்டேஷனில் காத்திருந்து கூட்டிப்போக, புஷ்பம் மூட்டையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், லிசியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள். பெண் குழந்தை. சாயங்காலம் லிசியே பேசினாள், குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அத்தை, அம்மா கை வந்ததும் பயம் போயிட்டு என்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அந்தோணி அண்ணன் லட்டு டப்பாவோடு மாடியேறி வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கக் கூச்சம். தப்பு என்னுடையதுதான் அண்ணே என்றேன். அவர் ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சந்தோசம் தங்கச்சி. திரும்பி வார டிக்கெட்டையாவது அவ ஏறுற ஊருல இருந்தே போட்ரு."

திரையில் பச்சை எழுத்தில் என்ன வந்தாலும் சரி, ஆள் போய் இறங்கி வீட்டுக்காரர் லட்டோடு மாடியேறி வருகிற வரைக்கும் நாங்கள் போடுகிற எந்த டிக்கெட்டும் கன்ஃபர்ம் இல்லை.