நான் கொடுத்த தன்னம்பிக்கைப் புத்தகம்

என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போய்விட்ட சமயத்தில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் வாங்கினேன். பஸ்ஸும் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை. முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொல்லியிருந்தார் எழுதியவர். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. உலை வைத்துவிட்டு தினம் ஒரு பக்கம் படிப்பேன். பொய் சொல்லக் கூடாது, அது இல்லையென்றால் அந்த வருஷத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றவள் சூப்பர்வைசரும் ஆனேன். தலைக்கனம் யாரை விட்டது? நான் எழுந்துவிட்டதால், எழாதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று நினைக்க ஆரம்பித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கு வந்து போயும் தெரியவில்லை.

என் டேபிளில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தைத்து வரும் டீஷர்ட்டை விரித்து உள்ளும் புறமும் பார்த்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். அதுதான் செக்கிங். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த வாரம் முழுக்கக் கறுப்பு பீஸ். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடினால் யாருக்கும் கண் எரியும். அதனால் கறுப்பு வந்தாலே ஏதாவது சாக்குச் சொல்லி லீவு கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். திங்கட்கிழமை அவளும் வந்து நின்றாள்.

"அக்கா, வலது கண்ணுல மின்னல் வெட்டுற மாதிரி இருக்குக்கா. ஓரத்துல திரை போட்டாப்புல மறைக்குது. ஒரு நாள் லீவு குடுத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவேன்."

"கறுப்பு வந்தா எல்லாத்துக்கும் அப்படித்தான் அம்மிணி. சனிக்கெழம ஷிப்மென்ட். முடிச்சுப்போட்டுப் போய்க்கோ."

அவள் நகரவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். "தெனமும் ஒரு பக்கம் படி. ஒடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான். நானெல்லாம் இதையப் படிச்சுத்தான் எந்திரிச்சேன்."

கண் மறைக்கிறது என்று வந்தவளிடம் படி என்று புத்தகம் கொடுத்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் படித்தாள். டீ நேரத்தில் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். புதன்கிழமை, "இப்பப் பரவால்லையா?" என்று கேட்டேன். "முடியும்னு நெனச்சுக்கிறேன்க்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மேனேஜரிடம்கூடச் சொன்னேன். சனிக்கிழமை சரக்கு லாரி ஏறியது. அவள் பார்த்த பீஸில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். விழித்திரை பிய்ந்து கழன்றுவிட்டதாம். மின்னல் வெட்டிய அன்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் திட்டினாராம். ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு செக்கிங் பார்க்க முடியாது என்றார் மேனேஜர். அதை அவளிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் இருந்த அவளுடைய வாடகை வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகிக்கொண்டே போனேன். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். வேலை இல்லை என்பதைச் சொன்னேன். ஆப்பிள் பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"உங்களக் குத்தம் சொல்லலக்கா. நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க. வியாழக்கிழமை ஒரு நாள் மனசு விட்டுப்போச்சு, முடியாதுன்னு நெனச்சுப்புட்டேன். அதுனாலதான் இப்படி ஆயிருச்சு."

அப்படியில்லை, தப்பு என் மேல்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் கம்பெனியில் போய்க் கேட்பாள், என் வேலையும் போகும்.

"இனிமேலாச்சும் தைரியமா இரு அம்மிணி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.