பெருமாள் மாலையோடு கும்மிடிப்பூண்டி வரை

போன சித்திரையில், எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆன சமயம், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு வெளிநாட்டுக் காரில் போய்வந்தேன். எனக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நைனா லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கார் எங்கள் ஊர் அரிசி மில் முதலாளியுடையது. மெட்ராஸை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியிருந்தார். அதற்கு ஒரு டிரைவர் தேடினார். “ஒரு நாளு ஓட்டிக் காட்டு, அப்பால பாக்கலாம்” என்று நைனாவிடம் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் நைனா தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப்போகும் இடத்தை முதலாளி பார்க்க வேண்டியிருந்தது. முதலாளியம்மாவும் வருவதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு வீரராகவப் பெருமாள் கோயில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். பட்டர் சுவாமி கொடுத்த மாலை என் முழங்கை பருமன் இருந்தது, துளசியும் சம்பங்கியும். முதலாளியம்மா அதைத் தன் கையாலேயே காரின் முன்கம்பிகள் மேல் மூன்று சுற்றாகக் கட்டினார். ஏழு நாற்பதுக்குக் கிளம்பினோம். முதலாளியும் முதலாளியம்மாவும் பின்னால். நான் நைனா பக்கத்தில்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொம்பப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. நடுத்தர உருவம், மழைமேகத்தின் கருநீலம். கதவைச் சாத்தினால் ‘தப்’ என்று தலையணை விழுவதுபோல ஒரு சத்தம், அதோடு ஊர் முழுக்க வெளியே நின்றுவிடும். தோல் சீட் என்னை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டது. ஓடும்போதுகூட முன்பலகையில் இருந்த கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆனாலும் பாலத்தில் நாங்கள் மிதந்துதான் போனோம். குழி வந்தால் உடம்புக்குத் தெரியாது. கண்ணுக்கு மட்டும் தெரியும். அறுவடையான வயல், தென்னை, கொக்கு எல்லாம் யாரோ நினைத்துப் பார்ப்பதுபோல மெல்ல நகர்ந்தன. தூங்கவில்லை, ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

பெரியபாளையத்தில் எட்டு முப்பத்தைந்து. மைல்மீட்டரில் பதினாறு மைல். இளநீர் அறுபது காசு. இளநீர்க்காரம்மா மாலையைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, காருக்கே கண்ணாலமா? மாப்ள எங்க கீறாரு?” என்று என்னைக் கேட்டாள். வெட்கத்தில் நான் இளநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த ஊரான ஆரணியைத் தாண்டியதும்தான் அந்த ஊசியைக் கவனித்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன வட்டம், அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு. காலையில் நடுவில் இருந்த ஊசி சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நைனா பார்க்கவில்லை. அவர் லாரியில் எந்த மீட்டரும் வேலை செய்யாது. சத்தத்தையும் வாசனையையும் வைத்தே ஓட்டிப் பழகியவர். இந்தக் காரிலோ சத்தமே உள்ளே வராது, வாசனையென்றால் துளசிதான். சொல்ல வாயெடுத்தேன். முதலாளி முன்னால் சொன்னால் நைனாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு மைல் அடக்கிக்கொண்டேன்.

கவரைப்பேட்டைக்கு இந்தப் பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

நைனா புளியமர நிழலில் நிறுத்திவிட்டு இறங்கினார். சைக்கிளில் போன ஒருவர், “இன்னா அண்ணாத்தே, கப்பல்ல டீ போட்றியா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “லாரி மாரி மிதிச்சிக்கினே வந்தா இப்டித்தான் ஆவும். வண்டிய பேஜாரு பண்ட்டியே!”

“மிதிக்கல முதலாளி. ஒழுக்கும் எங்கியும் இல்ல. இன்னான்னே தெரில” என்றார் நைனா. மறுபடி குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். மாலை கம்பிகளை இடைவெளியில்லாமல் அடைத்திருந்தது. உதிர்ந்த இதழ்கள் உள்ளே இழுக்கப்பட்டு ரேடியேட்டரில் அப்பளம்போல ஒட்டி வெந்திருந்தன.

“நைனா, காத்து போவல. மாலை அடச்சிக்கினு கீது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நைனா மாலையைப் பார்த்தார், முதலாளியம்மாவைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

“பெருமாள் மாலைடி அது. பாதி வழில கழட்டுவாங்களா?” என்றார் அந்த அம்மா.

“கழட்டிப் போட வாணாம்மா. பெருமாளு வெயில்ல தொங்கினு வராரு. நீங்க மடில வச்சிக்கினு வாங்க.”

பிறகு அந்த அம்மாவே இறங்கி வந்து முடிச்சை அவிழ்த்தார். மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஈர்க்குச்சியால் இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். இஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்து பம்புசெட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம்.

பத்து நாற்பதுக்குக் கும்மிடிப்பூண்டி. மொத்தம் முப்பத்தொரு மைல். தொழிற்சாலைகளுக்காகச் செம்மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அடையாளக் கல்லும் சுண்ணாம்புக் கோடும்தான் இருந்தன. இன்னும் வராத கட்டடங்களுக்கு நடுவே, இன்னும் இல்லாத தெருக்களில் எங்கள் கார் மெல்லத் திரும்பித் திரும்பிப் போனது. ஊசி நடுவிலேயே நின்றது. நைனா நிமிஷத்துக்கு ஒருதரம் அதைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது பெரியபாளையத்தில் முதலாளி முன்னால் குனிந்து ஊசியைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “யோவ், நாளைக்கி பொண்ணு வராது. ஊசிய நீயேதான் பாத்துக்கணும்.”

“நாளைக்கா முதலாளி?”

“பின்ன? ஆறு மணிக்கு வந்துடு.”

இந்த வழியில் காரில் போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிளம்புங்கள், ஆரணிக்குப் பிறகு நிழல் குறைவு. ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மாலை போட்டால் காருக்குள் போடுங்கள். ஊசி சிவப்பைத் தொடும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு மைல் தாமதித்தேன். நைனா இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறார். அவர் சட்டையில் இன்னும் துளசி வாசம் அடிக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.