காலர் வசந்தாவும் தையல் டீச்சரும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வசந்தகுமாரிக்குக் காலர் வசந்தா என்று பெயர். அதே லைனில் பட்டன் வசந்தா ஒருத்தியும் பாக்கெட் வசந்தா ஒருத்தியும் இருந்தார்கள். ஆனாலும் காலர் வசந்தா என்று கூப்பிடும்போது மட்டும் சூப்பர்வைசர் வரதன் குரலில் கொஞ்சம் மரியாதை சேரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து அந்த மெஷினில் உட்கார்ந்தவள், எட்டு வருஷமாகக் காலரைத் தவிர வேறெதையும் தைத்ததில்லை. யாரும் அவளைத் தைக்கச் சொன்னதும் இல்லை. அங்கே ஒரு சட்டையை ஒருத்தி தைப்பது என்கிற வழக்கமே கிடையாது. ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி தோள் மூட்டுவாள், ஒருத்தி காஜா போடுவாள். முழுச் சட்டை கடைசி மேஜையில்தான் பிறக்கும்.

வசந்தா தைத்த காலரை இரண்டாக மடித்தால் முனைமேல் முனை அப்படியே உட்காரும். நூல் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலே பீஸைத் திருப்பி அனுப்பிவிடுகிற செக்கிங்கில், அவளுடைய காலர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிசிறைக் கண்டால் அவள் விரல் தானாகப் போய் அதைப் பிய்த்துவிடும். பஸ்ஸில் முன்னால் நிற்பவள் புடவையில் தொங்கும் நூலைக்கூட விடமாட்டாள்.

மேனாம்பேட்டில் வீடு. அப்பா கன்னியப்பன் எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றினார். அம்மா அங்கம்மா விடியற்காலையில் முகப்பேர் ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். அதனால் தங்கை சுசீலாவுக்கு ஆறு வயதிலிருந்து தலை பின்னியது, ரிப்பன் கட்டியது, சோறு கட்டிக் கொடுத்தது எல்லாம் வசந்தாதான். சுசீலாவின் நோட்டுகளுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, பெயரும் வகுப்பும் எழுதுவதும் அவள்தான். கோணல் மாணல் இல்லாத அந்த எழுத்தைப் பார்த்து, "யார் எழுதித் தந்தாங்க?" என்று டீச்சர்கள் கேட்பார்கள். "எங்க அக்கா" என்று சுசீலா சொல்வாள். அந்தப் பதிலை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். வசந்தாவுக்கு அது போதும்.

சுசீலா ஒன்பதாவது போன வருஷம், பெண்கள் பள்ளிக்குப் புதிதாகத் தையல் டீச்சர் வந்தாள். பெயர் பேபி. ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். வசந்தாவுக்கு என்ன வயதோ அதே வயது.

"பேபியா? பால்புட்டி எட்த்துகினு வருதா பள்ளிக்கொடத்துக்கு?" என்றாள் வசந்தா.

சுசீலா சிரிக்கவில்லை. "மிஸ் பேரை வச்சு யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்கக்கா. எவ்ளோ அழகா இருக்காங்க தெரியுமா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. மிஸ் முழத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது என்றார்கள். மிஸ் புடவை மடிப்பு கலையாமல் மெஷின் மிதிக்கிறார்கள். மிஸ் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் பாட்டுப் பாடிக்கொண்டே எம்பிராய்டரி சொல்லித் தருகிறார்கள்.

"முழத்துக்கு மேல நூல் எட்காதன்னு நான் சொன்னப்போ ஏறல. அந்தம்மா சொன்னா மட்டும் ஏறுதா?"

"நீ எப்போக்கா சொன்னே?"

வசந்தா சொன்னதில்லைதான். கம்பெனியில் நூல் கண்டிலிருந்து தானாக வரும்.

ஆடி மாதம் முழுக்க சுசீலா ஒரு கைக்குட்டையில் ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வந்ததும் அதைப் பாவாடைக்குள் மறைப்பாள். தன் பிறந்தநாள் ஆவணியில் வருவதை வசந்தா மனதுக்குள் கணக்குப் பார்த்து, பார்க்காததுபோல் இருந்தாள். இலைக்குப் பச்சை நூல் தீர்ந்துபோனபோது கம்பெனிக் கழிவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததும் அவளே. ஒருநாள் மாலை சுசீலா துள்ளிக்கொண்டு வந்தாள். "மிஸ்ஸுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு. கர்ச்சீப்பைப் பார்த்துட்டு என்னைக் கட்டிப் புடிச்சுக்கினாங்க!"

வசந்தா அடுப்பிலிருந்த சோற்றை இறக்கி வடித்தாள். கஞ்சி கையில் பட்டது. ஆவணியில் சுசீலா அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் சீப்பு வாங்கிக் கொடுத்தாள்.

தை மாதம் பள்ளியில் ஆண்டு விழா என்று அறிவித்தார்கள். பதினாறு பெண்கள் கோலாட்டம். சுசீலா முன்வரிசையில் நடு ஜோடி. எல்லோருக்கும் சிவப்புப் பாவாடை, மஞ்சள் ஜாக்கெட். துணியை மொத்தமாக எடுத்து, பேபி டீச்சரே வெட்டி, தையல் வகுப்பிலேயே தைத்துத் தருவதாக ஏற்பாடு.

"ஒண்ணும் வேணாம். உன் ஜாக்கெட்டை நான் தைப்பேன்" என்றாள் வசந்தா.

"மிஸ் தான் எல்லாருக்கும்..."

"எல்லாருக்கும் தைக்கட்டும். எக்ஸ்போர்ட் கம்பெனில கீற அக்காவை ஊட்ல வச்சிகினு, எவளோ தைச்சதை நீ போட்டுகினு ஆடுவியா? போய்ச் சொல்லு."

மறுநாள் வெட்டிய துணி செய்தித்தாளில் மடித்து வந்தது. வசந்தா விரித்துப் பார்த்தாள். வெட்டு சுத்தமாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளையாக ஒரு குறை அகப்பட்டது. இரண்டு கைத்துண்டுகளிலும் ஓரத்தில் சிவப்பு நூல் ஒரு தையல் ஓடி, முனை தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? மஞ்சத் துணியில செகப்புப் பிசிறு. எங்க செக்கிங்குல இதைக் கண்டா மூஞ்சில அடிப்பான்" என்று இரண்டையும் உருவி எறிந்தாள்.

வீட்டில் மெஷின் கிடையாது. கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் வசந்தா சோற்றை நாலு வாயில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரதன் அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னா வசந்தா, தனியா எக்ஸ்போர்ட் ஆரம்பிச்சிட்டியா?"

"தங்கச்சி டான்ஸு சார். பள்ளிக்கொடத்துல முன்னால நிக்கிறா."

"சர்தான். மெஷினைத் தொடச்சி வை."

பக்கத்து லைனில் கை வைக்கும் நாகம்மா எட்டிப் பார்த்தாள். "கையை எங்கிட்ட குடுடி, அஞ்சு நிமிஷத்துல வச்சுத் தரேன்."

"ஏன், எனக்கு ஆவாதா?"

"ஆவும் ஆவும். நீ காலர் மகாராணி" என்று நாகம்மா போய்விட்டாள்.

மூன்று சாப்பாட்டு நேரத்தில் ஜாக்கெட் முடிந்தது. கழுத்துக்கு மட்டும் ஒன்றரை வேளை பிடித்தது. அந்த வளைவைப் பார்த்து நாகம்மாவே மூக்கில் விரல் வைத்தாள். கைகள் இரண்டும் வசந்தாவின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. காலரின் இரண்டு முனையையும் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். எட்டு வருஷம் அதையே பார்த்த கண், கைக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்று தேடவில்லை. கைக்கு வந்ததை எடுத்து வைத்துத் தைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இரவு சுசீலா போட்டுக்காட்டினாள். அங்கம்மா, "கடையில வாங்குனாப்ல கீதே!" என்றாள். சுசீலா கண்ணாடியில் பார்த்து, "சூப்பர்க்கா" என்றாள். கையைத் தூக்கினாள். பாதியில் கீழே விட்டுவிட்டு, தூக்கம் வருகிறது என்று படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் விழாவுக்கு இஸ்திரி போடலாம் என்று வசந்தா பையைத் திறந்தால் ஜாக்கெட் இல்லை.

"எங்கடி?"

சுசீலா கதவோரம் போய் நின்றாள். "மிஸ்கிட்ட குடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"இன்னிக்கு ரிகர்சல்ல போட்டுகினு ஆடுனேன். கையைத் தூக்குனா முன்னால புடிக்குதுக்கா. குச்சி தலைக்கு மேல போவணும், போவல. கை முழுசாத் தூக்காதவ முன்வரிசையில நிக்க வேணாம், பின்னால போன்னு பி.டி. டீச்சர் சொல்லிட்டாங்க. மிஸ்தான், 'அவசரப்படாதீங்க, நான் சரி பண்ணித் தரேன்'னு வாங்கி வச்சுக்கினாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கஷ்டப்படுவேன்னு..."

"அவகிட்ட மட்டும் சொன்னியே."

சுசீலா அழ ஆரம்பித்தாள். வசந்தாவுக்கு ஜாக்கெட் இறுக்கிப் பிடித்ததுகூட உறைக்கவில்லை. கஷ்டமாக இருக்கிறது என்பதைத் தன்னிடம் மறைத்து இன்னொருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆறு வயதில் முட்டியில் அடிபட்டால் தெருவெல்லாம் தாண்டி "யக்கா" என்று ஓடிவந்தவள்.

சனிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வசந்தா பள்ளிக்கு நடந்தாள். ஜாக்கெட்டை வாங்கித் தானே சரிசெய்வது என்று தீர்மானம். மைதானத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தையல் அறையில் பேபி டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுசீலா சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும் அழகாகத்தான் இருந்தாள். மடியில் மஞ்சள் ஜாக்கெட். ஒரு கை ஏற்கெனவே பிரிந்து கிடந்தது.

"சுசீலாவோட அக்காதானே? வாங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

"ஜாக்கெட்டைக் குடுங்க டீச்சர். நான் தைச்சுக்கிறேன்."

"தாராளமா. இடது கை வலப்பக்கம் போயிருக்கு, அவ்வளவுதான். முன்பக்கம் தெரியணும்னுதான் சிவப்பு நூல் போட்டு அனுப்பினேன். இல்லையா அதுல?"

வசந்தாவுக்குக் காது மடல் சுட்டது. "பிசிறுன்னு எடுத்துட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டாள். உடனே, "ஐயோ, உங்களைப் பார்த்துச் சிரிக்கலைங்க. என் தப்பு. ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கணும்" என்று எழுந்து மெஷின் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள்.

அது மிதி மெஷின். வசந்தா கரண்ட் மெஷினிலேயே பழகியவள். மிதித்தாள், சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. நூல் கோத்து மறுபடி மிதித்தாள். மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை துணி கசங்கியது. மணி இரண்டரை. ஐந்து மணிக்குக் கோலாட்டம். வசந்தா எழுந்து, ஸ்டூலை முழங்காலால் டீச்சர் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் உட்கார்ந்து இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்தாள். உண்மையிலேயே புடவை மடிப்பு கலையவில்லை. வசந்தா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தையலையும் பார்த்தாள். எங்காவது ஒரு சுருக்கம் விழாதா, ஒரு தையல் விலகாதா என்று கடைசிவரை பார்த்தாள். விழவில்லை. முடிகிற நேரத்தில் டீச்சர் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இந்த வளைவு எனக்கு வராதுங்க. எப்படித் திருப்புறீங்க?" என்று கேட்டாள்.

"பழக்கம்" என்றாள் வசந்தா. அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

ஐந்தரைக்குத்தான் கோலாட்டம் ஆரம்பித்தது. வசந்தா மேடைக்குப் பக்கத்தில் தட்டி ஓரமாக நின்றாள். சுசீலா முன்வரிசை நடுவில். குச்சி தலைக்கு மேல் போய் அடித்தது, இடுப்புக்கு வந்து அடித்தது, மறுபடி மேலே போனது. பதினாறு பேரில் அவள் கைதான் உயரப் போனதாக வசந்தாவுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. தட்டிக்கு அந்தப் பக்கம் பேபி டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் அவளுடைய நீர் வற்றிவிட்டது. அழுவதற்குக்கூடப் பங்குக்கு வருகிறாள்.

ஆட்டம் முடிந்து பெண்கள் இரைக்க இரைக்க இறங்கினார்கள். சுசீலா ஓடிவந்தாள். இரண்டு பேரையும் பார்த்து நடுவிலேயே நின்றுவிட்டாள். அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார்.

"டிரெஸ் எல்லாம் பிரமாதம் பேபி. இந்தப் பொண்ணோடது தனியாத் தெரியுதே!"

"அது இவங்க அக்கா தைச்சது மேடம்" என்றாள் பேபி டீச்சர். "இவங்கதான்."

தலைமையாசிரியை சுசீலாவின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "அடேங்கப்பா. எவ்வளவு தூக்கினாலும் ஒரு இழுப்பு இல்லையே. கை வைக்கிறதுதாம்மா கஷ்டம். யாருகிட்ட கத்துக்கிட்டே?"

சுற்றி நின்ற பெண்கள் வசந்தாவைப் பார்த்தார்கள். சுசீலாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. பேசாமல் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். ஆனால் பேபி டீச்சர் அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டு, வாங்கினாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், கீழே கிடந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் வசந்தாவுக்குப் பொறுக்கவில்லை. தங்கையைப் பங்கு போட்டதும் அல்லாமல், இவள் கொடுத்து நான் பெயரும் வாங்க வேண்டுமா?

"கை நான் வைக்கலைங்க" என்றாள் சத்தமாக. "நான் வச்சது தப்பாப் போச்சு. மதியம் டீச்சர்தான் பிரிச்சு வச்சாங்க. கழுத்தும் மீதியும் என்னுது."

தலைமையாசிரியை கழுத்துப் பக்கம் குனிந்து பார்த்தார். "அப்படியா? கழுத்தும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அடுத்த நிகழ்ச்சிக்கு யாரோ கூப்பிடவே போய்விட்டார். பேபி டீச்சர் குச்சிக்கட்டோடு நிமிர்ந்து வசந்தாவைப் பார்த்தாள். வசந்தா திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சுசீலா முணுமுணுத்தாள். "எல்லார் எதிர்லயும் ஏன்க்கா அப்படிச் சொன்னே? சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"மிஸ் யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"அதான்டி" என்றாள் வசந்தா. "சொல்ல மாட்டா. அதான் எனக்கு எரியுது."

சுசீலா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்ததோ இல்லையோ, குச்சிகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அக்காவின் கையைப் பிடித்தாள். ரொம்ப நாளாகத் தெருவில் அப்படி நடந்ததில்லை. வசந்தா விடுவித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை சங்கு ஊதுமுன்பே அவள் வரதன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "சார், என்னைக் கை லைனுக்கு மாத்துங்க."

"எட்டு வருஷக் காலரு! அங்க போனா நாகம்மாகிட்ட கத்துக்குட்டியா உக்காரணும், தெரியுமா?"

"உக்கார்றேன் சார்."

"சர்தான், போ. ஆனா எதுக்குமா இந்த வேண்டாத வேலை?"

வசந்தா தன் மெஷினுக்குத் திரும்பி நடந்தாள். சுசீலாவுக்குப் பத்தாவது முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் இன்னொரு ஆண்டு விழா வரும் என்பதை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டு, தன் கத்தரியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நாகம்மாவின் லைனுக்குப் போனாள்.