ரெண்டு தங்கபாயும் ஒரு ஊசியும்

நர்ஸு வேலைன்னா பேரு கேக்குத வேலையாக்கும். ஊசி குத்துததெல்லாம் அதுக்குப் பெறவுதான். நர்சிங் படிக்குத பிள்ளையளே, நின்னு நின்னு காலு வீங்குன கூட்டாளியளே, எங்க பெண்கள் வார்டுல ஒரே வாரத்துல நான் பட்ட பாட்டக் கேளுங்க.

ஒரே பேரு

நாலாம் கட்டில்ல தேங்காய்ப்பட்டணத்துத் தங்கபாய். மீன் வியாபாரம். சுகர் கூடிப்போயி, சாப்பாட்டுக்கு முன்ன இன்சுலின் போடணும். அஞ்சாம் கட்டில்ல மார்த்தாண்டம் தங்கபாய், சந்தையில வாழைக்குலை விக்கவ. காய்ச்சல், சுகர் கெடையாது, ஒரு வாய் கஞ்சியும் எறங்கல. அந்த ஊசி இவளுக்கு மாறிப்போச்சுன்னா சுகர் தாந்து, போதம் கெட்டு, உசுருக்கே ஆபத்து. எங்க பக்கம் பஸ்ஸுல தங்கபாய்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாவ. எனக்க நாத்தனாளும் தங்கபாய்தான், அவ கல்யாணப் பந்தியில... சரி, அது கெடக்கட்டும்.

பேரச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு பேரும் "ஓ"ம்பாவ. அதனால நான் பேரச் சொல்ல மாட்டேன், அவியளையே சொல்லச் சொல்லுவேன். "பேரும் ஊரும் சொல்லுங்கக்கா." மூணாம் நாளு மீன்கார அக்கா எந்திரிச்சு உக்காந்துட்டா.

"ஏ பிள்ளே, பேரு தெரியாமலா மூணு நாளா என்னையக் குத்துத?"

கை கழுவுன கத

ஒருத்தரத் தொட்டா, அடுத்த ஆளத் தொடுததுக்கு முன்ன கை கழுவுவேன். மீன்கார அக்காவுக்கு அது பொறுக்கல. "எனக்க மேல மீன் வாடைன்னுதானே ஓடிப்போய்க் கழுவுத?"ன்னு மொகத்தத் திருப்பிட்டா. எனக்குச் சங்கடமாப் போச்சு. "இல்லக்கா, ஒருத்தருக்க கிருமி இன்னொருத்தருக்குப் போவண்டாம்னுதான். யாரத் தொட்டாலும் கழுவுதனா இல்லியான்னு நீங்களே பாருங்க"ன்னேன்.

பாக்கச் சொன்னது தப்பாப் போச்சு! அன்னையில இருந்து சாயா கொண்டு வாறவளக்கூட விடல, எல்லாரும் குழாயடிக்கு ஓட்டம். மறுநாளு பெரிய டாக்டரு அஞ்சாம் கட்டிலப் பாத்துட்டு நேரா இவளுக்க நாடி பிடிக்க வந்தாரு. இவ வெடுக்குனு கைய இழுத்துக்கிட்டா.

"டாக்டரு மக்கா, மீன் வாங்க வாறவனே கை கழுவிட்டுத்தான் போவான், நீயும் கழுவிட்டு வா!"

போர்வைக்குள்ள இருந்து ஒரு கை

அஞ்சாம் நாளு மத்தியானம். இன்சுலினோட நாலாம் கட்டிலுக்குப் போறேன். தலையில இருந்து காலு வரைக்கும் போர்வை, ஒரு கை மட்டும் வெளிய. மணிக்கட்டுல நூலு போட்டுக் கட்டுன சீட்டு: தங்கபாய், நாலாம் கட்டில். கட்டிலும் சரி, சீட்டும் சரி. கையத் தொடச்சாச்சு, ஊசியும் தயார். இத்தன நாளு கேட்டாச்சே, இன்னும் எதுக்குன்னு ஒரு சோம்பல். ஆனாலும் வாயி சும்மா இருக்கல.

"பேரு சொல்லுங்கக்கா."

"தங்கபாய்."

"ஊரு?"

"மார்த்தாண்டம்."

போர்வைய இழுத்தா, வாழைக்குலைக்கார அக்கா! ஊசிய மூடி வச்சுட்டுத்தான் மூச்சு விட்டேன். நாலாம் கட்டிலுக்கு மேலதான் நல்லா ஓடுத ஃபேன். காத்துக்காண்டி ரெண்டு பேரும் கட்டில் மாறியிருக்காவ. சீட்டு கட்டிலுக்கு உள்ளதுன்னு நெனச்சு, அதையும் அவுத்து மாத்திக் கட்டியிருக்காவ! பெறவு காத்து கூடிப்போச்சுன்னு இவ போர்வையும் மூடியாச்சு. நான் அவளுக்க சீட்ட அவுக்கேன், அவ சாவகாசமாச் சொல்லுதா:

"காத்துக்குத்தான் மாறினேன் சிஸ்டரே, ஊசிக்கு இல்ல."

செவப்பு நோட்டு

தப்பு நடந்தாலும், நடக்கப் பாத்தாலும் எழுத ஒரு செவப்பு நோட்டு உண்டு. கூட வேல பாக்குத ஸ்டெல்லா, "நடக்காத தப்புக்கு எதுக்குக்கா பேரக் கெடுக்குதிய?"ன்னா. எனக்கும் எழுதக் கை வரல. இத்தன வருசத்துல அந்த நோட்டுல எனக்க பேரு ஏறுனதில்ல. ஆனா, நாளைக்கு ஊரு கேக்க மறந்து ஒருத்தி குத்திட்டான்னா? "நானும் கேக்காம இருந்திருப்பேன்"னு சேத்தே எழுதினேன்.

மேட்ரன் படிச்சுட்டு ஏசல. ரெண்டே நாள்ல நூல் சீட்டு போச்சு, கத்திரி வச்சாத்தான் கழலுத பிளாஸ்டிக் பட்டை வந்தது. மீன்கார அக்கா அத இழுத்துப் பாத்தா, கடிச்சும் பாத்தா.

"ஏட்டி, ஒரு காத்துக்கு ஆசப்பட்டதுக்கு நண்டுக்க காலக் கெட்டுத மாதிரி கெட்டிப் போட்டுட்டியே!"

இத்தன வருச சர்வீஸ்ல நான் படிச்சது இவ்வளவுதான்: தெரிஞ்ச பேரையும் கேக்கணும், கேட்டதுக்கு ஏச்சும் வாங்கணும், ஏசுதவ நல்லபடியா வீடு போய்ச் சேரணும்.